பழசு பழசாகவே இருக்கட்டும்!

நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்றொரு சின்ன ஊர். மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. 2013 செப்டம்பர் 28, 29 தேதிகளில் அந்த ஊருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு வயலில் சுமார் 500 கார்களும் பிக்கப் வண்டிகளும் வரிசைகட்டி நின்றன. பெரும்பாலானவை செவர்லே. ஏலத்துக்கு வரும் வண்டியைக் கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்புப் பூசி நிறுத்துவதுதான் எங்கும் வழக்கம். இங்கே முக்கியமான வண்டிகளின் மீது யாரும் துணிகூட வைக்கவில்லை. பல பத்தாண்டுத் தூசி அப்படியே படிந்திருந்தது. வந்தவர்கள் அந்தத் தூசிக்கும் சேர்த்துத்தான் விலை கேட்டார்கள்.

1946 முதல் 1996 வரை அந்த ஊரில் நடந்த லாம்ப்ரெக்ட் செவர்லே என்ற ஷோரூமின் சரக்கு அது. ஆண்டுக் கடைசியில் விற்காமல் தங்கிவிட்ட புது வண்டிகளைத் தள்ளுபடி போட்டுத் தள்ளிவிடுவார்கள் மற்ற டீலர்கள். ஷோரூமின் உரிமையாளர் ரே லாம்ப்ரெக்ட் அதைச் செய்யவில்லை. அடுத்த ஆண்டு மாடல் வந்ததும், போன ஆண்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய் உள்ளே நிறுத்திவிடுவார். எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய வண்டிகளையும் அதிகம் விற்கவில்லை. அவை வயலுக்குப் போயின. இப்படியே ஐம்பது ஆண்டுகள். விளைவு, ஓடோமீட்டரில் பத்து மைல்கூட ஏறாத வண்டிகள் மட்டும் ஐம்பது அளவுக்குத் தேறின. 1958-ம் ஆண்டு செவர்லே கேமியோ பிக்கப் ஒன்று 1.3 மைல் ஓடியிருந்தது. நம் கணக்கில் இரண்டு கிலோமீட்டர். அது 1,40,000 டாலருக்குப் போனது. 11 மைல் ஓடிய 1963 இம்பாலாவுக்கு 97,500 டாலர். அதே வயலின் இன்னொரு பக்கம், எக்ஸ்சேஞ்சில் வந்து வெயிலிலும் பனியிலும் கிடந்த வண்டிகள். சிலவற்றின் உள்ளே மரம் முளைத்து வளர்ந்திருந்தது. அவற்றையும் வாங்கிப்போக ஆள் இருந்தார்கள்.

அமெரிக்காவின் பழைய கார் விற்பனையில் இந்த இரண்டு வகையையும் பார்க்கலாம். ஒன்று ‘சர்வைவர்’. பெயிண்ட், சீட், எஞ்சின் என்று கம்பெனியில் போட்டது போட்டபடி, யாரும் பிரித்து மேயாமல், காலத்தைத் தாண்டி வந்த வண்டி. இன்னொன்று ‘ப்ராஜெக்ட்’. துருவேறி, அல்லது பிரித்துப்போட்டபடி, இனிமேல்தான் யாராவது உயிர் கொடுக்க வேண்டிய வண்டி. முதல் வகைக்குத் தேவை பொறுமை. இரண்டாவதற்குப் பணம், இடம், வெல்டிங் தெரிந்த கை எல்லாமே தேவை. இரண்டிலும் எனக்கு ஆசை உண்டு. ஆனால் எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல், முதல் வகையைப் பிடித்து இரண்டாவது வகையாக மாற்றிவிடுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். ஐம்பது அறுபது ஆண்டு தாக்குப்பிடித்த வண்டியை வாங்கி, ஒரே மாதத்தில் சுரண்டி எடுத்துப் புதுப் பெயிண்ட் அடித்து நிறுத்துகிறார்கள். பளபளக்கிறது, ஆனால் அந்த வண்டி போய்விட்டது.

சுரண்டியதில் போனது

நம் கோயில்களில் திருப்பணி என்று சொல்லி மணலைப் பீய்ச்சி அடித்துச் சுவரைச் சுத்தம் செய்தார்கள். அழுக்கோடு கல்வெட்டும் மழுங்கிப்போனது. அமெரிக்கப் பழைய கார்களுக்கு நடந்ததும் அதேதான். அங்கேயும் அதே மணல் அடிக்கும் இயந்திரம்தான். உடலை முழுவதுமாகக் கழற்றி, சேஸிஸைத் தனியாகப் பிரித்து, தகரம் வெள்ளையாகத் தெரியும் வரை அடித்து, புதிதாகப் பெயிண்ட் ஏற்றுவதுதான் உயர்ந்த வேலை என்று ஒரு தலைமுறையே நம்பியது. கண்காட்சிகளில் பரிசும் அதற்குத்தான் கிடைத்தது.

அப்படி அடித்ததில் என்ன போனது? தொழிற்சாலையில் வண்டி நகரும்போது, எந்த ஸ்பிரிங் போட வேண்டும், எந்த அச்சு போட வேண்டும் என்று தொழிலாளி சாக்பீஸிலும் மெழுகுப் பென்சிலிலும் கிறுக்கிய குறிகள் போயின. பானெட்டுக்கு அடியில் அவசரத்தில் பாதி மட்டும் பட்ட பெயிண்ட் போனது. கதவு ஓரத்தில் வழிந்து உறைந்த சொட்டு போனது. 1960-களின் டெட்ராய்ட் தொழிற்சாலைகளில் வண்டிகள் நிமிடக் கணக்கில் வெளியே வந்துகொண்டிருந்தன. யாரும் நகை செய்வதுபோலச் செய்யவில்லை. இடைவெளிகள் ஒன்றுபோல இருக்காது. குரோமுக்கு அடியில் கோடு தெரியும். ரிப்பேர் செய்தவர்கள் இதையெல்லாம் குறை என்று நினைத்துத் திருத்தினார்கள். கடைசியில், அன்றைக்கு ஷோரூமில் நின்ற வண்டி எப்படி இருந்தது என்று சொல்லக்கூடிய வண்டி ஒன்றுகூட மிஞ்சாமல் போய்விடுமோ என்ற பயம் வந்தது.

இந்தப் பயத்தை வெளிப்படையாகச் சொன்னவர்களில் செவர்லேயின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்களும் உண்டு. இலினாய் மாநிலத்தில் 1973-ல் தொடங்கிய புளூமிங்டன் கோல்டு கார்வெட் விழாவில், சர்வைவர் என்று தனியாகவே சான்றிதழ் கொடுத்தார்கள். வண்டியில் பாதிக்கு மேல் தொட்டிருக்கக் கூடாது; ஆனால் வண்டி ஓடியும் காட்ட வேண்டும். 1935-ல் தொடங்கிய அமெரிக்காவின் பெரிய பழைய கார் சங்கமான ஏ.ஏ.சி.ஏ.விலும் 35 ஆண்டுக்கு மேற்பட்ட, ஒரிஜினல் அம்சங்களைக் காப்பாற்றிய வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கார்வெட் ரெஸ்டோரர்கள் சங்கத்தின் நடுவர்கள் ஒரு படி மேலே போய், கம்பெனியில் இருந்ததைவிட அழகாக இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். நியாயமான நடுவர்கள் என்பேன்.

இரண்டு மஸ்டாங்குகள்

1968-ல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் கரும்பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் ஒன்றில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஏற்ற இறக்கத் தெருக்களில் பறப்பார். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தத் துரத்தல் காட்சிக்கு ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் வைத்திருந்தார்கள். மெக்வீன் ஓட்டுவதாகக் காட்ட ஒன்று. மேட்டிலிருந்து தாவவும் இடிபடவும் ஒன்று.

முதல் வண்டி கைமாறிக் கைமாறி 1974-ல் ராபர்ட் கியர்னன் என்பவரிடம் வந்தது. ‘ரோடு அண்ட் டிராக்’ பத்திரிகையில் விளம்பரம் பார்த்து 6,000 டாலருக்கு வாங்கினார். அவர் மனைவி பள்ளி ஆசிரியை. அதில்தான் வேலைக்குப் போய்வந்தார். 1977-ல் மெக்வீனே கடிதம் எழுதி வண்டியைத் திருப்பித் தரும்படி கேட்டார். கியர்னன் கொடுக்கவில்லை. 1980-ல் கிளட்ச் போனது, வண்டியை ஓரங்கட்டினார்கள். அதன் பிறகு அது எங்கே என்று உலகத்துக்குத் தெரியாது. அப்பாவும் மகன் ஷானும் ஓடவைப்பதற்கான வேலைகளைச் செய்தார்களே தவிர, மேல் பெயிண்டில் கைவைக்கவில்லை. அப்பா இறந்த பிறகு, 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் ஷான் அதை வெளியே கொண்டுவந்தபோது பெயிண்ட் மங்கியிருந்தது. அங்கங்கே துரு, கீறல். அடியில் குனிந்து பார்த்தால், படப்பிடிப்பில் கேமரா மாட்டுவதற்காக வெல்டிங் வைத்த குழாய்கள் அப்படியே இருந்தன. எந்த நல்ல மெக்கானிக்கும் முதலில் அறுத்து எறிந்திருக்கக்கூடிய குழாய்கள். இதுதான் அந்த வண்டி என்பதற்கு அவற்றைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. 2020 ஜனவரி 10 அன்று புளோரிடாவில் கிஸ்ஸிமி நகரில் நடந்த மீகம் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனது. கமிஷனோடு 37.4 லட்சம்.

இரண்டாவது வண்டி மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் கிடந்தது. வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் இல்லை. வாங்கியவருக்கு அது என்ன வண்டி என்று தெரியாது. ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ படத்தில் வரும் எலினார் என்ற மஸ்டாங்கைப் போல மாற்றுவதற்குத்தான் பட்டறையில் ஏற்றியிருந்தார்கள். வெட்டுவதற்கு முன் யாரோ வண்டி நம்பரைச் சரிபார்க்க, விஷயம் தெரிந்தது. 2017-ல் ஃபோர்டு ஆவணங்களை வைத்திருக்கும் நிபுணர் கெவின் மார்ட்டி நேரில் பார்த்து உறுதி செய்தார். இன்னும் சில வாரம் போயிருந்தால், ஒரு சினிமா வண்டியின் நகலைச் செய்வதற்காக இன்னொரு சினிமா வண்டியின் ஒரிஜினலை அழித்திருப்பார்கள்.

தொடாமல் வைப்பது என்றால் பூட்டி வைப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் 1957 ஜூன் 15 அன்று, மாநிலம் உருவான ஐம்பதாம் ஆண்டு விழாவையொட்டி, நீதிமன்ற வளாகத்தில் காங்கிரீட் தொட்டி கட்டி ஒரு புத்தம் புது பிளிமத் பெல்வெடேரைப் புதைத்தார்கள். 2007-ல் பெட்ரோல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் கூடவே வைத்தார்கள். 2007-ல் டல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று சரியாகச் சொல்பவருக்கு வண்டி பரிசு. ஐம்பது ஆண்டு கழித்து ஊரே கூடி நிற்கத் தொட்டியைத் திறந்தால், உள்ளே தண்ணீர். அணுகுண்டுக்குத் தாங்கும் என்று கட்டிய தொட்டி தண்ணீருக்குத் தாங்கவில்லை. வெளியே எடுத்தது சேறு அப்பிய துருக்கூடு. பரிசு வென்றவர் 1979-லேயே இறந்துபோயிருந்தார். அந்தக் காரை ஏற்றுக்கொள்ள ஓர் இடம் கிடைக்காமல் பல ஆண்டுகள் திண்டாடி, கடைசியில் இலினாயின் ராஸ்கோ ஊரில் ஒரு அருங்காட்சியகத்தில் சேர்த்தார்கள். அதே 1957-ல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கு மட்டும் ஓட்டி, வீட்டு ஷெட்டில் நிறுத்திய பிளிமத்துகள் இன்றும் ஓடுகின்றன. ஆயில் ஓடினால்தான் பேரிங்குக்கு உயிர். காற்றோட்டம் இருந்தால்தான் தகரத்துக்கு உயிர்.

குனிந்து பார்த்தால் தெரியும்

சரி, ஒருவர் 1966 மஸ்டாங் ஒன்றை விலைக்குப் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிவப்புப் பெயிண்ட் கண்ணைப் பறிக்கிறது. அவர் கையில் ஒரு செம்புத் தண்ணீரும், துணியில் சுற்றிய காந்தமும் இருந்தால் போதும். முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில், காற்று உள்ளே போக வரிசையாகக் கீற்றுகள் இருக்கும். அதற்கு அடியில் ஒரு தகரத் தொட்டி. மழைத்தண்ணீர் அதில் விழுந்து பக்கவாட்டில் வடிந்துவிட வேண்டும். இலைச்சருகு விழுந்து மக்கி, அந்தத் தொட்டி உள்ளுக்குள்ளேயே அரித்துப்போவது இந்த மாடலின் பிறவிக் குறை. செம்புத் தண்ணீரைக் கீற்றில் ஊற்றிவிட்டு, உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். கை நனைந்தால், அந்தச் சிவப்புப் பெயிண்டை மறந்துவிடலாம். அதைச் சரிசெய்ய வேண்டுமானால் முன்பக்கம் முழுவதும் கழற்றி, நூற்றுக்கணக்கான வெல்டிங் புள்ளிகளைத் துளைத்து எடுத்து, புதுத் தகரம் வைக்க வேண்டும்.

பிறகு காந்தம். பின்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே, முன் ஃபெண்டரின் அடிமூலையில் வைத்தால் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகரம் இல்லை, பட்டி இருக்கிறது. கதவைத் திறந்து லேசாகத் தூக்கினால் கீல் தேய்ந்திருப்பது தெரியும். டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி ஸ்பேர் டயர் கிடக்கும் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். கூரைக்கு ரெக்சின் ஒட்டிய வண்டி என்றால் பின்கண்ணாடி ஓரத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ரெக்சினுக்கு அடியில் எப்படியும் தெரியப்போவதில்லை என்று பல தொழிற்சாலைகளில் மேல்பெயிண்டே அடிக்கவில்லை. தண்ணீர் புகுந்தால் வெளியே தெரியாமலே பொரிந்துபோகும்.

வண்டி எந்த மாநிலத்தில் வாழ்ந்தது என்பது பாதி ஜாதகம். மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் பக்கம் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அது அடித்தகரத்தைத் தின்றுவிடும். அரிசோனா, நியூ மெக்சிகோ வண்டியில் தகரம் சுத்தமாக இருக்கும். ஆனால் வெயிலில் டேஷ்போர்டு வெடித்திருக்கும், சீட் கிழிந்திருக்கும், ரப்பர் எல்லாம் அப்பளமாக நொறுங்கும். வெயில் தின்றதை வாங்கலாம். உப்பு தின்றதை வாங்கக் கூடாது.

அடுத்து நம்பர். இந்த வியாபாரத்தில் ஓர் எழுத்துக்காகக் கொலையே நடக்கும். 1970 பிளிமத் பாரக்குடாவின் உயர் ரகமான ’குடாவின் வண்டி நம்பர் BS23 என்று தொடங்கும்; அடுத்து வருவது எஞ்சினைக் குறிக்கும் எழுத்து. அந்த இடத்தில் ‘ஹெச்’ இருந்தால் 340 எஞ்சின். ‘ஆர்’ இருந்தால் 426 ஹெமி. 425 குதிரைசக்தி என்று கம்பெனி சொன்ன எஞ்சின். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலும் அந்த எழுத்து ஒன்றே விலையைப் பல மடங்கு தூக்கும். 1971-ல் ஹெமி எஞ்சினோடு, கூரை மடங்கும் ’குடா வெறும் 11-தான் செய்தார்கள். 2014-ல் சியாட்டில் ஏலத்தில் அதில் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது.

ஆனால் எல்லாக் கம்பெனியும் நம்பரில் இப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1970 செவர்லே ஷெவெல்லின் நம்பரை வைத்துக்கொண்டு அது எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) ரகமா, சாதா ரகமா என்று சொல்லவே முடியாது. ஆகவே சாதா ஷெவெல்லுக்கு எஸ்.எஸ். பட்டை ஒட்டி, பெரிய எஞ்சின் இறக்கி, ஒரிஜினல் என்று விற்பவர்கள் ஏராளம். அத்தாட்சி வேண்டுமானால் காகிதம் வேண்டும். வண்டி தொழிற்சாலையில் நகரும்போது கூடவே போன பில்டு ஷீட் என்ற தாள் சில சமயம் வண்டிக்குள்ளேயே தங்கிவிடும். கிரைஸ்லர் வண்டிகளில் பின்சீட் ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் பெட்ரோல் டேங்கின் மேல் மடங்கியும் கிடைத்திருக்கிறது. எலி கடித்த, எண்ணெய் ஊறிய அந்த ஒரு தாளுக்குப் புது எஞ்சினைவிட மதிப்பு உண்டு. எஞ்சின் பிளாக்கிலும் வண்டி நம்பரின் கடைசிப் பகுதியை அடித்திருப்பார்கள். இரண்டும் பொருந்தினால்தான் மேட்சிங் நம்பர்ஸ். இதிலும் தில்லுமுல்லு உண்டு: வேறு எஞ்சினை எடுத்து, பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு, வேண்டிய எண்ணை அடிப்பார்கள். செவர்லே பிளாக்கின் எண் மேடையில், கம்பெனியில் சீவியபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் இருக்கும். டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் தெரியும். வழவழவென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

ப்ராஜெக்ட் என்னும் கடல்

விளம்பரங்களில் அடிக்கடி வரும் வாக்கியம், ‘நிறுத்தியபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது’ என்பது. உண்மையாகவே இருக்கலாம். நிறுத்தியது 1983 என்பதுதான் விஷயம். அப்படி வைக்கோல் கொட்டகையில் கிடந்த வண்டியை வாங்கியதும் பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்புகிறவர்கள் எஞ்சினைக் கொன்றுவிடுவார்கள். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஊடுருவும் எண்ணெயை ஊற்றி, நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு முன்பக்கக் கிராங்க் போல்ட்டில் நீளமான கம்பி போட்ட ஸ்பானரை மாட்டிக் கையாலேயே அசைக்க வேண்டும். ஒரு நூல் அசைந்தால் போதும். திரும்பப் பின்னால், மறுபடி முன்னால், மறுபடி எண்ணெய். அந்த முதல் அசைவு கைக்குத் தெரியும்போது வரும் சந்தோஷத்துக்காகவே பலர் இந்த வேலைக்கு அடிமையாகிறார்கள்.

அதற்குள் பெட்ரோல் டேங்கை இறக்கியிருக்க வேண்டும். பழைய பெட்ரோல் வார்னிஷ் போல நாறிக் கெட்டியாகியிருக்கும். கார்பரேட்டர் ஜெட் எல்லாம் அடைந்திருக்கும். இன்று அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பர் குழாய்களைக் கரைக்கும். எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். பிரேக் இன்னும் முக்கியம். 1967-க்கு முந்தைய பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். ஓரிடத்தில் பிரேக் ஆயில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. எஞ்சின் ஓடிய குஷியில் தெருவில் இறக்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நடுங்குகிறது.

இவையெல்லாம் சின்ன வேலைகள். டிங்கரிங்தான் ஆளை விழுங்கும். முழுதாகப் பிரித்துச் செய்யும் வேலை ஆயிரம் மணி நேரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். மணிக் கூலியோடு பெருக்கிப் பார்த்தால், வண்டியின் சந்தை விலையைவிடச் செலவு கூடுதலாக வருவதுதான் வழக்கம். குரோம் இன்னொரு கதை. செம்பு, நிக்கல், குரோமியம் என்று மூன்று அடுக்காக ஏற்ற வேண்டும். அதில் பயன்படும் குரோமியம் புற்றுநோய் வரவைக்கும் விஷம் என்பதால் கட்டுப்பாடுகள் இறுகி, பிளேட்டிங் பட்டறைகள் குறைந்துவிட்டன. அந்தக் காலத்துக் கைப்பிடி, விளக்கு வளையம் போன்றவற்றைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அது உள்ளிருந்தே குழிகுழியாகப் பொரியும். ஒவ்வொரு குழியையும் துளைத்து, நிரப்பி, தேய்த்து, பிறகுதான் பிளேட்டிங். ஒரு கதவுக் கைப்பிடிக்கு ஒரு நாள் உழைப்பு போய்விடும்.

உதிரிபாகம் கிடைக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். 1964 ஏப்ரலில் 2,368 டாலர் விலையில் வந்த மஸ்டாங்குக்கு முதல் நாளே 22,000 ஆர்டர்கள் குவிந்தன. எண்ணிக்கை அவ்வளவு பெருகியதால் இன்று திருகாணி முதல் தகரக்கூடு வரை எல்லாம் புதிதாகவே கிடைக்கிறது. 1969 செவர்லே கமாரோவுக்கும் அப்படித்தான். 1960-ல் கடையை மூடிய டிசோட்டோவுக்கு ஒரு அலங்காரப் பட்டை தொலைந்தால், அமெரிக்கா முழுக்கக் காயலான் கடைகளில் தேட வேண்டும். அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் கூடும் ஏ.ஏ.சி.ஏ. சந்தைக்குப் போய், ஆயிரக்கணக்கான கடைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து தேடுகிறவர்களில் பாதிப் பேர் இப்படி ஒரு பட்டைக்காக வந்தவர்கள்தான்.

எதை வாங்கினாலும், இன்னொருவர் பாதியில் விட்ட ப்ராஜெக்ட்டை மட்டும் வாங்காதீர்கள் என்று சொல்வேன். பெயிண்ட் அடித்து முடித்த கூடு, பத்து அட்டைப்பெட்டியில் பாகங்கள், ‘கடினமான வேலை எல்லாம் முடிந்தது’ என்ற உறுதிமொழி. எந்தப் பெட்டியில் எது இல்லை என்று பூட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். முழுசாகத் துருப்பிடித்து நிற்கும் வண்டியாவது, எந்த போல்ட் எங்கே போகும் என்று காட்டிக்கொண்டு நிற்கும்.

கியூபாவைப் பற்றிக் கேட்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தடை வந்த பிறகு, அங்கே இருந்த செவர்லே, பியூக், பிளிமத் வண்டிகள் இன்றும் ஹவானாவில் டாக்ஸியாக ஓடுகின்றன. உள்ளே ரஷ்ய எஞ்சின், ஜப்பான் டீசல் எஞ்சின் என்று கிடைத்ததெல்லாம் இருக்கும். சர்வைவர் சான்றிதழ் எந்த நடுவரும் கொடுக்கமாட்டார். குடும்பத்துக்குச் சோறு போட வேண்டிய வண்டிக்கு அந்த அளவுகோலை நீட்டுவது தவறு. பாகம் கிடைக்காத ஊரில் பாகத்தைத் தானே செய்துகொண்ட மெக்கானிக்குகளுக்கு என் வணக்கம். தொடாதே என்று நான் சொல்வது, தொட வேண்டிய கட்டாயம் இல்லாமலே தொடுகிறவர்களிடம்.

தொடத் தெரிந்தவர்களை உருவாக்கவும் ஓர் இடம் இருக்கிறது. கான்சாஸ் மாநிலத்தின் மெக்ஃபெர்சன் கல்லூரியில் 1976 முதல் பழைய கார்களைச் சீரமைப்பதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். 2003 முதல் அது நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. எஞ்சின், தகரவேலை, பெயிண்ட், சீட் தையல் எல்லாம் உண்டு. வரலாற்றை ஆராய்ந்து ஆவணப்படுத்தவும் சொல்லித்தருகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நான்கு கதவுகளின் பாவம்

இந்தச் சந்தையில் எனக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. இரண்டு கதவு வண்டிக்கு ஒரு விலை. கூரை மடங்கும் வண்டிக்கு அதைவிட மேலே. நான்கு கதவு வண்டிக்கு மட்டும் மரியாதையே கிடையாது. 1957 செவர்லே பெல் ஏரில் இரண்டு கதவு வண்டியைச் சரிசெய்வதற்காக, நன்றாக ஓடும் நான்கு கதவு வண்டியை வாங்கி, கிரில், பம்பர், கண்ணாடி, எஞ்சின் என்று உரித்துவிட்டு, மிச்சத்தைக் காயலான் கடைக்குத் தள்ளுகிறார்கள். 1965-ல் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் இம்பாலா விற்றது. அன்றைய அமெரிக்கக் குடும்பங்கள் மளிகைக்கும் பள்ளிக்கும் பாட்டி வீட்டுக்கும் போனது பெரும்பாலும் இப்படிப்பட்ட நான்கு கதவு வண்டிகளில்தான். நம் ஊருக்கு வந்தவையும் அவைதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் பூட்டிய செவர்லேக்களும், பிறகு பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லர் உரிமத்தில் பூட்டிய டாட்ஜ், பிளிமத் வண்டிகளும் மதராஸ் ரோடுகளில் ஓடியபோது, பின்கதவைத் திறந்து இறங்கியவர்களைத்தான் ஊர் வேடிக்கை பார்த்தது. அபூர்வமான ஹெமி ’குடாக்களை எல்லோரும் காப்பாற்றிவிடுவார்கள். சாதாரண வண்டி எப்படி இருந்தது என்று நாளைக்குக் கேட்டால் காட்ட எதுவும் இருக்காது.

வாங்க நினைப்பவருக்கும் இது நல்ல வாய்ப்பு. ஒரே வீட்டில் இருந்த, மங்கிய பெயிண்டும் ஒரிஜினல் சீட்டும் உள்ள நான்கு கதவு இம்பாலாவோ டாட்ஜோ, துருப்பிடித்த இரண்டு கதவு ப்ராஜெக்ட்டைவிடக் குறைந்த விலைக்கே கிடைப்பதுண்டு. எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், டயர் மூன்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை என்றால் இரட்டை அறைக்கு மாறுங்கள். சீட் பெல்ட் இல்லையென்றால் போடுங்கள். இதிலெல்லாம் ஒரிஜினல் வெறி வேண்டாம். பெயிண்டில் மட்டும் கைவைக்காதீர்கள். கழற்றிய பழைய மாஸ்டர் சிலிண்டரைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு, எந்தத் தேதியில் கழற்றியது என்று எழுதி டிக்கியில் வையுங்கள். அடுத்து வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.